வெள்ளையம்மாளின் செவ்வாய்க்கிழமை

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடை பொன்னுவேலுடையது. பெயர்ப்பலகை அவன் பெயரில், லைசென்ஸ் அவன் பெயரில், கல்லாவில் உட்காருவதும் அவன்தான். ஆனால் கூட்டம் வந்தது வெள்ளையம்மாளுக்காக. மாரமங்கலத்து மிளகை அம்மியில் அரைத்து அவள் வைக்கும் குழம்பு மலை முழுக்கப் பிரசித்தம். பஸ் டிரைவர்கள் அந்தக் குழம்புக்காகவே வண்டியைத் தாமதமாக எடுப்பார்கள். பயணிகள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவர்களும் உள்ளேதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளையம்மாளுக்கு ஊர் மஞ்சக்குட்டை. பொன்னுவேலுக்கு வாழவந்தி. இருவரும் மலைக்காரக் குடும்பம், கட்டிக்கொள்கிற முறையும்கூட. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் மனசுக்குள் முறை பார்த்து முடித்துவிட்டாள். அவன் பார்த்தானா என்பது மலைமேல் இருக்கிற சேர்வராயன் சாமிக்குத்தான் வெளிச்சம். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் "சாம்பார் ஆயிருச்சா புள்ள?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவளும் "ஆயிருச்சுங்க" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எந்தப் பெண்ணுக்கும் அலுத்துப் போகும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் சேலத்திலிருந்து லேபர் இன்ஸ்பெக்டர் தேவசிகாமணி வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் குடை, தோளில் தோல் பை. முதலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். காசைக் கொடுத்தார். கை கழுவினார். அதன் பிறகுதான் தான் யார் என்று சொன்னார். முன்பே சொன்னால் கடைக்காரர்கள் காசு வாங்க மாட்டார்கள் என்பதால் அவர் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

"வேலைக்கு எத்தனை பேரு?"

"ஒருத்தருங்க. சமையலுக்கு," என்றான் பொன்னுவேல்.

"அவங்களுக்கு வார லீவு என்னைக்கு?"

பொன்னுவேல் திருதிருவென்று விழித்தான். "அது லீவே கேட்டதில்லீங்களே."

"கேட்கணும்னு சட்டத்துல இல்லை. கொடுக்கணும்னுதான் இருக்கு. பொண்டாட்டி, அண்ணன், தம்பின்னு கூட இருக்கிற குடும்பத்தாளுங்களை மட்டும் வச்சு நடத்தினா நான் கேட்க மாட்டேன், அது உங்க பாடு. வெளியாளை வச்சா வாரத்துல ஒரு நாள் சம்பளத்தோட லீவு. கிழமையை எழுதி போர்டு மாட்டணும். அடுத்த தடவை நான் வர்றப்ப இல்லைன்னா கோர்ட்டுதான்."

அடுப்படித் தடுப்புக்குப் பின்னால் கரண்டி நின்றுபோயிற்று. சம்பளத்தோடு ஒரு நாள்! வெள்ளையம்மாளுக்கு அடுப்புச் சூட்டையும் மீறி உடம்பெல்லாம் ஜிலீர் என்றது. அரசாங்கம் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். அது தன்னைப் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரு நாள் மலையிறங்கி சேலம் போக வேண்டும். நல்ல ஓட்டலாகப் பார்த்து உள்ளே போய், மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டும். யாரோ ஒருத்தர் வந்து இலை போட வேண்டும். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்க வேண்டும். மலையில் அவள் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து ஒரு ஜீவனும் கேட்டதில்லை. பெற்ற தாய் அத்தாயிகூட, "நீதான் கடையில தின்னுருப்பியே கண்ணு" என்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

நீல எழுத்தில் போர்டு வந்தது. 'வார விடுமுறை: செவ்வாய்'. வெள்ளையம்மாள் அதைத் தினமும் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

முதல் செவ்வாய்க்கிழமை பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து, சேலம் பஸ்ஸுக்கு நின்றாள். பொன்னுவேல் மூச்சிரைக்க ஓடிவந்தான். "புள்ள, கல்யாணக் கோஷ்டி ஒண்ணு வந்து எறங்கிருக்குது. இந்த ஒரு வாட்டி மட்டும்." அவள் பூவோடு அடுப்படிக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் மிளகு வியாபாரிகள். அதற்கடுத்து மலர்க் கண்காட்சி வந்துவிட்டது. ஏரியைச் சுற்றி கார்களும் பஸ்களும் முண்டியடிக்கிற நேரம், அப்போது லீவைப் பற்றிப் பேச அவளுக்கே வாய் வரவில்லை.

இதற்குள் பொன்னுவேல் ஒரு தொழில்நுட்பம் கண்டுபிடித்திருந்தான். செவ்வாய்க்கிழமை முன்பக்கம் பலகைக் கதவைச் சாத்துவது, போர்டைப் பளிச்சென்று மாட்டுவது, பின்பக்கச் சந்து வழியாக ஆட்களை உள்ளே விடுவது. மூடின கடைக்குள் சாப்பிடுவதில் ஜனங்களுக்கு என்ன ருசியோ, மற்ற நாளைவிடச் செவ்வாயில்தான் கூட்டம் நெரிந்தது. வெள்ளையம்மாள் புகைந்துகொண்டே சமைத்தாள். அடுப்பைச் சொல்லவில்லை, அவளைத்தான்.

மலர்க் கண்காட்சி வாரத்துச் செவ்வாய். மஞ்சக்குட்டை பஸ்ஸின் மொத்த ஜனமும் உள்ளே. பொன்னுவேல் தலைகால் தெரியாமல் பரிமாறிக்கொண்டிருந்தான். மூலையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஆளுக்கு இரண்டு தடவை சோறு வைத்தான், மூன்று தடவை குழம்பு ஊற்றினான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆள் சாப்பிட்டார். காசைக் கொடுத்தார். கை கழுவினார். குடையை எடுத்தார்.

"பொன்னுவேலு, இன்னைக்கு என்ன கிழமை?"

கடையே வாய்க்குள் போன கவளத்தை அப்படியே நிறுத்தியது.

"செ... செவ்வாய்ங்க."

"போர்டுல என்ன கிழமை?"

"அதுவும் செவ்வாய்தானுங்க."

"அப்ப அடுப்படியில நிக்கிற அம்மா யாரு?"

தடுப்புக்கு மேலே தலையை நீட்டி வெள்ளையம்மாள் பார்த்தாள். பொன்னுவேலின் நெற்றியில் வேர்வை. ஏற்காட்டில் வேர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விட்டத்தைப் பார்த்தான்.

"என் ஊட்டுக்காரிங்க," என்றான்.

அவள் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்து மூழ்கியது. இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த சொல். அது கடைசியில் வந்தேவிட்டது, ஆனால் அவளைப் பார்த்து வரவில்லை. குடை வைத்திருந்த ஒரு மனிதரைப் பார்த்து, கோர்ட்டுக்குப் பயந்து வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கோபத்தில் காது சுட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஊட்டுக்காரியா? போன மாசம் வேலைக்கு ஒருத்தர்னு சொன்னே?"

"அது... கல்யாணம் ஆனதைச் சொல்ல மறந்துட்டேனுங்க. தை மாசமுங்க."

"கழுத்துல தாலியைக் காணோமே?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொன்னுவேல் பிழைத்திருப்பான். "சாம்பாருல உழுந்துருமுன்னு கழட்டி வச்சிருக்குதுங்க," என்றான்.

மஞ்சக்குட்டைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சாக "ஐயோ!" என்றார்கள். ஒரு கிழவருக்குப் புரையேறியது.

தேவசிகாமணி தடுப்புக்குப் பக்கத்தில் வந்தார். குரல் தணிந்திருந்தது. "ஏம்மா, இவர் சொல்றது நிஜமா? பயப்படாம சொல்லு. பொண்டாட்டின்னு எழுதிட்டா உனக்கு லீவு கிடையாது. சட்டம் உன் பக்கம் திரும்பாது."

இல்லை என்று சொன்னால் அவனுக்குக் கோர்ட்டு. ஆமாம் என்று சொன்னால் அவளுடைய செவ்வாய்க்கிழமை போச்சு, மின்விசிறி போச்சு, இலை போச்சு. அவள் பொன்னுவேலைப் பார்த்தாள். கையில் ரசவாளியோடு நின்றிருந்தான். அந்த நிலையிலும் ரசம் சிந்தாமல் பிடித்திருந்தான்.

"அவரு சொல்லித்தானுங்க எனக்கே தெரியும்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டு, குடையை ஊன்றியபடி சந்து வழியாகப் போய்விட்டார்.

வெள்ளையம்மாள் கையைக் கழுவி, சேலையை உதறி, கிளம்பினாள்.

"எங்க போற புள்ள? இன்னும் ரெண்டு பந்தி இருக்குது!"

"ஊட்டுக்காரின்னா சொல்லிட்டுத்தான் போகோணுமுங்களா?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செய்தி அவளுக்கு முந்திய பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் இறங்கியபோது நிறுத்தத்தில் பாதி மஞ்சக்குட்டை நின்றுகொண்டிருந்தது. அத்தாயி மார்பில் அடித்துக்கொண்டாள். "தை மாசமே கல்யாணம் ஆயிருச்சாமே கண்ணு! பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? தாலியைச் சாம்பாருக்குப் பயந்து கழட்டினியாமே! எந்த ஊட்டுல நடக்கும் இந்தக் கூத்து?"

"எனக்கே இன்னைக்கு மத்தியானந்தான் தெரியுமுங்கம்மா," என்றாள் வெள்ளையம்மாள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நடு ரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை ஊர்க்கவுண்டர் குழந்தைவேல் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். பொன்னுவேல் முதல் பஸ்ஸில் வந்து கைகட்டி நின்றான். கூட்டத்துக்குப் பின்னால் பெண்களோடு வெள்ளையம்மாள். சபையில் இரண்டே முடிவுதான் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன சொல்லை அவன் திரும்ப வாங்கினால் அத்தாயி காலில் விழுந்துவிட்டுப் போய்விடலாம், ஆனால் அதன் பிறகு அவள் அந்தக் கடை வாசலை மிதிக்க முடியாது. வேலையும் போகும், அவனும் போவான். சொல்லை வைத்துக்கொள்கிறேன் என்றால் பரிசம் போட வேண்டும். அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

"ஏம்ப்பா, எங்கூட்டுப் புள்ளையை ஊட்டுக்காரின்னு பத்துப் பேரு காதுல உழுகற மாதிரி சொன்னியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சொன்னேனுங்க. சட்டத்துக்குச் சொன்னதுங்க."

"எந்தச் சட்டம்?"

"கடைச் சட்டமுங்க. ஊட்டு ஆளுன்னா லீவு குடுக்க வேண்டியதில்லீங்க."

"லீவு குடுக்காம இருக்கறதுக்கா பொண்டாட்டி கட்டுவாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தைவேலும் சிரித்துவிட்டார், பிறகு மீசையைத் தடவி முகத்தை மாற்றிக்கொண்டார். "செரி, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கிறியா?"

வெள்ளையம்மாள் பக்கத்திலிருந்த அத்தாயியின் கையை இறுகப் பிடித்தாள்.

"இல்லீங்க," என்றான் அவன். தலை நிமிரவில்லை. "நான் பொய் சொல்லத்தானுங்க வாயைத் தொறந்தேன். தங்கச்சி, சித்தி மகள்னு எத்தனையோ சொல்லியிருக்கலாமுங்க. நெனச்சதெல்லாம் நாக்குல வரலீங்க. மனசுல எது இருந்துச்சோ அதுதான் வந்துருச்சு. ரெண்டு வருசமா இருந்துச்சுங்க. கேக்கத் தைரியமில்லாம சாம்பாரையே கேட்டுட்டு இருந்துட்டேன்."

வெள்ளையம்மாளுக்குக் கால் தரையில் இல்லை. இந்த மனுஷனைத் தூக்கி ஏரியில் போட வேண்டும், பிறகு தானே குதித்துத் தூக்கிவர வேண்டும் என்று தோன்றியது.

"அம்மணி, நீ என்ன சொல்ற?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அவள் முன்னால் வந்தாள். "எனக்குச் சம்மதமுங்க. ஆனா ஒண்ணு கேக்கோணுங்க. என் செவ்வாய்க்கிழமை என்னாகுமுங்க?"

"குடுத்தர்றேன் புள்ள! சத்தியமா!" என்றான் பொன்னுவேல்.

"வேலைக்காரியா இருந்தப்ப, சட்டமே வந்து சொல்லியும் எனக்கு ஒரு செவ்வாய் கெடைக்கலீங்க. ஊட்டுக்காரி ஆயிட்டா எனக்காக எந்த இன்ஸ்பெக்டருங்க மலையேறி வருவாரு?"

பெண்கள் பக்கத்திலிருந்து "அதானே!" என்று ஒரு குரல் வந்தது. வந்த குரல் ஊர்க்கவுண்டருடைய மனைவியின் குரல் என்பதால் அவர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு என்ன பண்ணோணுங்கற?"

"கடை லைசென்ஸை என் பேருக்கு மாத்தோணுங்க. மொதலாளிக்கு லீவு வேணுமுன்னா யாரையும் கேக்க வேண்டியதில்லீங்களே."

பொன்னுவேல் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் பயமோ கோபமோ இல்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "மாத்திக்கலாமுங்க. கூட்டமே அது வெக்கற குழம்புக்குத்தானுங்களே வருது," என்றான்.

ஆவணியில் கல்யாணம். ஊரே மிளகுக் குழம்பு ஊற்றித் தின்றது. மணப்பெண்ணே அடுப்புக்குப் போய் உப்புப் பார்த்துவிட்டு வந்ததாக ஒரு பேச்சு உண்டு, அது உண்மைதான்.

லைசென்ஸ் மாறிய பிறகு செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாள் அடுப்பைத் தொடவில்லை. சேலத்துக்குத் தனியாகப் போய் என்ன தின்பது என்று தோன்றியதால், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு சொந்தக் கடையிலேயே முதல் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். பொன்னுவேல் சமைத்தான், பரிமாறினான், துடைத்தான். அவன் வைத்த குழம்பைச் சாப்பிட்ட டிரைவர்கள் செவ்வாய்க்கிழமை மட்டும் வண்டியைச் சரியான நேரத்துக்கு எடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் ஒரு செவ்வாய். எதிர் நாற்காலியில் குடையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார், முகம் கோணியது, ஆனாலும் காசைக் கொடுத்தார். கை கழுவினார்.

"குழம்புக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் தேவசிகாமணி.

"இன்னைக்கு எனக்கு லீவுங்க ஐயா. நான் இப்ப மொதலாளிங்க," என்றாள்.

பொன்னுவேல் கரண்டியோடு ஓடிவந்தான். கையில் சூட்டுக் காயம், கண்ணெல்லாம் புகைச் சிவப்பு. "ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. மொதலாளியம்மாவுக்கு வாரம் ஒரு நாள் லீவு. எனக்கு ஒரு நாள்கூட இல்லீங்க!"

"முதலாளியோட புருஷன்னா நீ குடும்பத்து ஆளாச்சே. சட்டத்துல உனக்கு லீவு இல்லையேப்பா." இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் துடித்தது. போன வருஷம் எழுதியது அவருக்கு மறக்கவில்லை.

பொன்னுவேலின் தோள் தொங்கிப் போயிற்று. காலி இலையை எடுக்கக் குனிந்தான். அந்தக் காயம் பட்ட கையைப் பார்த்ததும் வெள்ளையம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. அந்த அடுப்பை அவளுக்குத் தெரியும்.

"ஐயா," என்றாள். "இவரு என் கடை வேலையாளுங்க. எழுதிக்கங்க."

"போன வருஷம் புருஷன் பொண்டாட்டின்னு எழுதினேனேம்மா?"

"அப்ப புருசனில்லீங்க, புருசன்னு எழுதினீங்க. இப்ப புருசன்தானுங்க, வேலையாளுன்னு எழுதிக்கங்க. செரியாப் போச்சுங்களே."

தேவசிகாமணி சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதலாளி சொல்றதை எழுதறது என் வேலை. ஆனா போர்டுல செவ்வாய்னு இருந்தா செவ்வாய்க்கிழமை கடை மூடியிருக்கணும். முன்பக்கமும் பின்பக்கமும். அடுத்த வாரம் வந்து பார்ப்பேன்."

"வந்து பாருங்க," என்றாள் வெள்ளையம்மாள்.

அடுத்த செவ்வாய் சேலத்துக்கு இறங்குகிற பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில், ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. இரண்டு ஜன்னல்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இந்த ஜன்னலில் பச்சைச் சேலையில் வெள்ளையம்மாள், அவள் தோளை இடித்துக்கொண்டு புதுச் சட்டையில் பொன்னுவேல். அந்த ஜன்னலில் குடையோடு தேவசிகாமணி.

"ஐயா, கடையை மூடிட்டமுங்க! ரெண்டு பக்கமும்!" என்று கத்தினாள்.

அவர் முகம் மலர்ந்தது. சட்டம் ஜெயித்துவிட்டது. கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தது போலக் கை பாதியில் நின்றது. மத்தியானச் சாப்பாடு! அவர் வாய் திறப்பதற்குள் பஸ் அவரை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடிவாரம் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். முன் ஸீட்டுக்காரர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

சேலத்தில் நல்ல ஓட்டலாகப் பார்த்து நுழைந்தார்கள். மின்விசிறி ஓடியது. இலை வந்தது. குழம்பு சுமார்தான். அவள் வைக்கிற குழம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அவள் சொட்டு விடாமல் சாப்பிட்டாள்.

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து குனிந்தார். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களாம்மா?"

வெள்ளையம்மாள் தலையை ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது. அதற்குள் பக்கத்து மேஜையில் யாரோ "ரசம்!" என்று கூப்பிட, பொன்னுவேல் "வந்துட்டனுங்க!" என்று பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருங்க. இன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் லீவு."